நோன்பு நாளில் காய்ச்சிய லிப் பாம்

உதட்டில் பூசுகிற ஒரு சாமானைப் பற்றி மனிதர் இத்தனை கேள்வி கேட்பார்கள் என்று தொழிலைத் தொடங்கியபோது றம்ஸியா நினைக்கவில்லை. சாய்ந்தமருதில் தன் குசினியிலேயே லிப் பாம் காய்ச்சி, சின்ன டப்பிகளில் ஊற்றி, வாட்சப்பில் விற்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைக்குப் பூசலாமா, எத்தனை மாதம் பழுதாகாமல் இருக்கும், மெழுகு எதிலிருந்து எடுக்கிறது, பூசினால் உதடு கறுக்குமா, ஆம்பிளைகள் பூசலாமா. ஒரு பெண், தன் பூனை அரை டப்பியை நக்கிவிட்டது, அதற்கு ஏதும் ஆகுமா என்று இரண்டு நிமிட வொய்ஸ் அனுப்பியிருந்தாள். கடையில் மீன் டின் வாங்கும்போது திகதியைக்கூடப் பார்க்காத சனம்தான் இவ்வளவும் கேட்கிறது.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இருந்து பதில் எழுதினாள். கை உளைந்த பிறகு பதில்களைப் போனில் எழுதி வைத்துக்கொண்டாள். கேள்வி வந்தால் பொருத்தமான பதிலைத் தொட்டு அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம். மெழுகு, சுத்தமான தேன்மெழுகு. எண்ணெய், தேங்காய் எண்ணெய். சிவப்பு நிறம் சேர்ப்பதில்லை. கடைச் சிவப்புகள் சிலவற்றில் ஒருவகைப் பூச்சியை அரைத்துச் சேர்ப்பதுண்டு, அது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற தலையிடி நமக்கு வேண்டாம். கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம். ஒருவரின் டப்பியில் இன்னொருவர் விரல் வைக்க வேண்டாம். எல்லாம் கேட்டும் வாசித்தும் எழுதிய பதில்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன் என்ற பெருமை அவளுக்கு இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அந்தப் பட்டியலில் இரண்டு பதில்கள் மட்டும் யோசிக்காமல் எழுதியவை. எத்தனை தரம் பூசலாம் என்று கேட்டால், ‘விரும்பின நேரமெல்லாம் பூசலாம், எல்லாம் இயற்கைப் பொருள்தான்’ என்று போகும். பூசியதும் விறுவிறுக்கிறது என்றால், ‘கறுவா எண்ணெய் அப்படித்தான், ரெண்டு நாளில் பழகிரும்’ என்று போகும். கறுவா எண்ணெயை வாசத்துக்காகச் சேர்த்தாள். ஒரு அடுப்புக்கு நாற்பது டப்பி, நாற்பது டப்பிக்கு இருபது சொட்டு. இரண்டு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்த இரண்டு பதில்களையும் அவள் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

நோன்பு மாதம் வந்ததும் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஒரே கேள்வி தள்ளிவிட்டது. நோன்போடு பூசலாமா? றம்ஸியா தெரிந்த மௌலவி ஒருவரிடம் போனில் கேட்டாள். வெளியே பூசுவதால் நோன்பு முறியாது, ருசி தொண்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் எழுதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். ஆனால் அவள் பூசவில்லை. ஊருக்குச் சொன்ன சட்டத்தைவிடத் தனக்கு ஒரு சாண் கூடுதலாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. விடியுமுன் சஹர்ச் சாப்பாடு முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும் வரை அவள் உதட்டில் தண்ணீர் தவிர எதுவும் பட்டதில்லை, அதுவும் தொழுகைக்கு ஒழுச் செய்யும்போது.

இங்கேதான் கோளாறு. மற்ற மாதங்களில் பாம் இறுகியதும் முதல் விரல் அவளுடைய உதட்டுக்குத்தான் போகும். பூசிக்கொண்டு ஒரு மணித்தியாலம் வீட்டு வேலை பார்ப்பாள், ஒரு பிளேன்டீ குடிப்பாள், அதன் பிறகுதான் டப்பிகளை மூடுவாள். இந்த முறை அடுப்பு வைத்தது காலை பத்து மணிக்கு. பின்னேரமானால் கஞ்சிப் பானை அடுப்பைப் பிடித்துக்கொள்ளும், வேறு நேரம் இல்லை. உதட்டுக்குப் பதிலாக மணிக்கட்டில் பூசிப் பார்த்தாள். வழுவழுப்பு சரி, வாசம் வழமையைவிட நல்லாகவே இருந்தது. டப்பிகளை மூடி, பெயர் ஒட்டி, பின்னேர அசர் தொழுகைக்கு முன்னே அனுப்பிவிட்டாள். நோன்பு திறந்த பிறகு பூசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்தான். கஞ்சி, தொழுகை, கழுவ வேண்டிய கோப்பைகள் என்று அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த நாற்பதில் மூன்று டப்பிகள் காரைதீவுக்குப் போயின. வாங்கியவர் கனகரெத்தினம், நாதஸ்வரம் வாசிப்பவர். காரைதீவிலிருந்து திருக்கோவில் வரை எந்தக் கோயிலில் கொடி ஏறினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்கு உதடு சீக்கிரம் வெடிக்கிறது, நாதஸ்வர முனையின் சீவாளியைக் கவ்வி ஊதினால் இரத்தம் கசிகிறது என்று, யாரோ சொன்னதைக் கேட்டு றம்ஸியாவிடம் வாங்க ஆரம்பித்திருந்தார். நல்ல வாடிக்கையாளர். மரியாதையாகக் கதைப்பார், பூனைக் கதை எதுவும் சொல்லமாட்டார். அந்த வருஷம் நோன்பும் பங்குனி உத்தரமும் ஒரே மாதத்தில் வந்தன. உத்தரத்தன்று ஊர்க் கோயிலில் அவருடைய வாசிப்பு. பதினேழு வருஷமாக அந்த நாளில் வேறு யாரும் அங்கே வாசித்ததில்லை.

உத்தரத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கேட்டார்: ‘தங்கச்சி, புது டப்பி கொஞ்சம் எரியிற மாதிரி. எத்தின தரம் பூசலாம்?’ றம்ஸியா அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பதில்களைத் தொட்டு அனுப்பினாள். விரும்பின நேரமெல்லாம் பூசலாம். ரெண்டு நாளில் பழகிரும். அவர் ஒரு கும்பிடு போட்டார்.

நான்கு நாள் கழித்து அவருடைய மனைவி தங்கேஸ்வரி ஒரு படம் அனுப்பினாள். படத்தில் இருந்தது உதடு என்று புரிய றம்ஸியாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலுதடு வீங்கியிருந்தது. கீழுதட்டில் தோல் உரிந்து, ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. கீழே வொய்ஸ்: “தங்கச்சி, இவருக்கு வாய் இப்பிடி வந்திட்டு. உங்கட மருந்தத்தான் விடாமப் பூசுறார். இன்னும் கூடப் பூசணுமா எண்டு கேக்கச் சொன்னவர்.”

நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அந்த முக்கால் மணித்தியாலமும் றம்ஸியா ஒரு வேலையும் செய்யவில்லை. பள்ளியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துவிட்டு, அந்த நாற்பதில் விற்காமல் மிச்சமிருந்த டப்பி ஒன்றைத் திறந்து உதட்டில் பூசினாள். கணவன் சாலிஹ் கஞ்சிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் விறுவிறுப்பு. பிறகு பச்சை மிளகாயைத் தேய்த்த மாதிரி எரிவு. ஐந்து நிமிடம் பொறுத்தாள், அதற்கு மேல் முடியாமல் ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

கறுவா எண்ணெய்ப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய போத்தல் முடிந்து, நோன்புக்கு முதல் கிழமை கல்முனையில் புதிதாக வாங்கியது. கறுவா எண்ணெய் ஒன்று தாங்க என்று கேட்டாள், கடைக்காரர் கொடுத்தார். அவர் மேல் பிழை இல்லை. பழையது இலையில் எடுத்த எண்ணெய், இது பட்டையில் எடுத்தது. போத்தலிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. மணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காரம் ஒன்றல்ல. இருபது சொட்டு இலை எண்ணெயை உதடு தாங்கும், பட்டை எண்ணெயில் இரண்டு சொட்டே கூடுதல். மணிக்கட்டுத் தோல் தடிப்பு, அதற்கு இந்தக் காரம் உடனே உறைக்கவில்லை. அவள் வழக்கம்போல உதட்டில் பூசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

“பட்டை எண்ணெயப் போட்டுட்டன்,” என்றாள் சாலிஹிடம். “அந்த மனிசன்ட வாயப் பாருங்க.”

சாலிஹ் படத்தைப் பார்த்தான். அவன் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், அவசரப்படுகிற ஆள் இல்லை. “மற்றாக்கள் ஆரும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப அவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளல்ல போல. சும்மா கிட. பெருநாள் முடியட்டும்.”

அவளுக்கும் அப்படி நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உதடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தங்கேஸ்வரிக்கு, பூசுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், காலையில் வருகிறேன் என்று எழுதினாள்.

காலையில் ஒரு த்ரீவீலரில் காரைதீவுக்குப் போனாள். கனகரெத்தினம் முன் அறையில் கதிரையில் இருந்தார். வாய் முழுவதும் மூடாமல் இருந்தது, மூடினால் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன போலும். தங்கேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து, பாதி வழியில் நின்று, “ஐயோ, நீங்க நோன்பு, மறந்திட்டன்” என்று திருப்பிக் கொண்டுபோனாள். யன்னலில் டப்பி இருந்தது. விரலால் வழித்து அடி தெரிந்தது.

“மூணாவது டப்பி,” என்றாள் தங்கேஸ்வரி திரும்பி வந்து. “எரிய எரியப் பூசினவர். எரிஞ்சா மருந்து பிடிக்குதெண்டு சொல்லி.”

றம்ஸியா வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வந்தாள். வந்த பிறகு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. “அண்ணன், அதுலதான் பிழை. உங்கட வாயில ஒண்டும் இல்ல. நான் போட்ட எண்ணெய் மாறிட்டு. உதட்டுல படக்கூடாத அளவு போட்டிருக்கன்.”

கனகரெத்தினம் அவளைப் பார்த்தார். கோபம் வந்ததா என்று சொல்ல முடியாது. அந்த முகத்தில் எதையும் காட்டினாலும் வலிக்கும். “பழகிரும் எண்டு எழுதினீங்க,” என்றார்.

“ஓம்.”

“நீங்க உங்கட வாயில பூசிப் பாக்கல்லயா, தங்கச்சி?”

“நோன்பு, அண்ணன். மணிக்கட்டுல பாத்தன்.”

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். “மணிக்கட்டால ஊதேலாது,” என்றார்.

றம்ஸியா அந்தக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். உத்தரத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். காட்டினார்களாம். புதிதாக எதுவும் பூசினீர்களா என்று டாக்டர் கேட்டாராம், இல்லை என்று சொல்லிவிட்டாராம். “இது இயற்கைச் சாமானெண்டு நீங்க எழுதியிருந்தீங்க. அத ஒரு மருந்தாக் கணக்கெடுக்கல்ல,” என்றார்.

“இண்டைக்கே போய் இதச் சொல்லுங்க. போத்தலப் படமெடுத்து அக்காக்கு அனுப்பிரிக்கன், அதக் காட்டுங்க. வேற ஒண்டும் பூச வேணாம். மத்தாக்களுக்கும் நான் இண்டைக்கே எழுதுறன்.”

“எழுதுங்க. ஆனா என்ட பேர் வேணாம்.” அவர் சொற்களை மெதுவாக, உதடு படாமல் வெளியே விட்டார். “காரைதீவு மேளக்காரன்ட வாயச் சாய்ந்தமருதுக்காரி எரிச்சுப்போட்டாள் எண்டு ரெண்டு பக்கத்துப் பொடியன்மாரும் பேஸ்புக்கில புடிச்சிக்குவானுகள். கோயிலுக்குக் காய்ச்சலெண்டுதான் சொல்லியிருக்கன். அது அப்படியே கிடக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து எழுதத்தான் இருந்தாள். மூன்று தரம் எழுதி அழித்தாள். எப்படி எழுதினாலும் அது றம்ஸியாவின் கையால் ஊர் உதடு வெந்தது என்றே முடிந்தது. இரண்டு வருஷமாக எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண் இனி எந்த முகத்தோடு பதில் சொல்வாள்? கந்தோரால் வந்த சாலிஹ் போனை வாங்கி, ஐந்து நிமிடத்தில் தானே எழுதிக் கொடுத்தான்: ‘தற்போது நிலவும் அதிக வெப்பநிலை காரணமாக எமது தயாரிப்பின் தன்மையில் சிறிய மாற்றம் ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதை அறியத்தருகிறோம். குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பாவிக்கவும். அசௌகரியம் ஏற்படின் பாவனையைக் குறைத்துக்கொள்ளவும்.’

“இதுல பொய் ஒண்டும் இல்ல,” என்றான். “வெயில் கூடத்தானே.”

அவள் அதை அனுப்பினாள். அவளுக்காகச் சப்பைக்கட்டுக் கட்ட எனக்கு விருப்பமில்லை. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். வெயில் எண்ணெயை மாற்றவில்லை, குளிர் அதைத் திருத்தப்போவதும் இல்லை. அனுப்பிய பிறகு மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள், ஆகவில்லை. ஆட்கள் கட்டைவிரல் போட்டார்கள். ப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

உத்தரத்தன்று காலையிலிருந்து காரைதீவுப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தவில் அடி முற்றத்தில் விழும். றம்ஸியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் கேட்டது. யார் வாசிக்கிறார், எப்படி வாசிக்கிறார் என்றெல்லாம் அவளுக்கு இனம் பிரிக்கத் தெரியாது. அவருக்கு வாய் சுகமாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். உள்ளே ஓடி, தங்கேஸ்வரிக்கு எழுதிக் கேட்டாள்.

பதில் வொய்ஸாக வந்தது. “இல்ல தங்கச்சி. அது மட்டக்களப்பால வந்த ஆள். வீக்கம் வத்திட்டு, ஆனா சீவாளி வைக்க இன்னும் ஏலாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். இவர் கோயிலுக்கும் போகல்ல. உள் அறையில கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கார். மேளச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு சீலிங் பேனைக் கூட்டி வெச்சிரிக்கார்.”

அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு செய்தி வந்தது. மருதமுனை றுகையா, அவளைவிடப் பத்து வயது மூத்தவள், தறி வைத்து நெசவு செய்பவள். ‘றம்ஸியா, நீங்க சொன்ன மாதிரி ப்ரிட்ஜில வெச்சிப் பூசுறன். குளிருக்கு எரிவு அவ்வளவாத் தெரியல்ல. நல்ல ஐடியா.’

றம்ஸியா கட்டிலில் உட்கார்ந்தாள். சாலிஹின் அறிவித்தலால் இந்தப் பெண் எரிவைக் குளிரில் மறைத்து இன்னும் பூசிக்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதனின் நாள் போய்விட்டது, அதை இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. மற்றவர்களுடைய உதடுகளிலிருந்தாவது அந்தப் பாமை எடுக்க முடியும். எடுக்காமல் நான்கு நாள் இருந்துவிட்டாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. சாலிஹ் கந்தோரில் இருந்தான், கேட்கவில்லை. ளுஹரைத் தொழுதுவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதினாள்.

‘அஸ்ஸலாமு அலைக்கும். போன முறை நான் அனுப்பினது பிழையான அறிவித்தல். வெயிலால ஒண்டும் மாறல்ல. நோன்பு தொடங்கின பிறகு நான் செஞ்ச நாப்பது டப்பியிலயும் கறுவாப் பட்டை எண்ணெயக் கூடுதலாப் போட்டுட்டன். அது உதட்டைப் புண்ணாக்கும். நோன்பெண்டு நான் என்ட உதட்டுல பூசிப் பாக்காம அனுப்பிட்டன். ஒருத்தருக்கு வாய் நல்லா வெந்திட்டு. எரிஞ்சா பழகிரும் எண்டு நான் எழுதினதும் பிழை. எரிஞ்சா நிப்பாட்டணும். எல்லாரும் இண்டைக்கே நிப்பாட்டி, டப்பிய எறிஞ்சிருங்க. புண்ணெண்டா டொக்டரிட்டக் காட்டி, என்ன பூசினீங்கெண்டு சொல்லுங்க. மாப்புக் கேக்கிறன்.’

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏச்சு வரும் என்று நினைத்தாள். ஏச்சு வந்தால் தாங்கலாம் என்று தன்னைத் தயார்செய்துகொண்டாள். அரை மணித்தியாலம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது ஏச்சு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. மற்றவை வேறு மாதிரி இருந்தன.

‘எனக்கும் எரிஞ்ச. நோன்புக்கு உதடு காயிறதாக்கும் எண்டு நினைச்சன்.’

‘என்ட உதடும் உரிஞ்சி போச்சி. தண்ணி குடிக்காததால எண்டு உம்மா சொன்ன.’

‘இப்பதான் விளங்குது. ஒவ்வொரு நோன்பும் இப்பிடித்தானே எண்டு பேசாம இருந்தன்.’

ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. டப்பி வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் எரிந்திருக்கிறது. ஒருத்தியும் சொல்லவில்லை. சாலிஹ் கேட்டபோது, மற்றவர்கள் ஒருவரும் சொல்லவில்லை என்று தானே பதில் சொன்னதை நினைத்தாள். கேட்க ஆயிரம் கேள்வி வைத்திருந்த இந்தச் சனம், வலித்தபோது மட்டும் நோன்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைசியாக றுகையாவின் செய்தி. அவள் எழுதத் தெரியாமல் எழுதுபவள், எழுத்துகள் அங்குமிங்கும் போயிருந்தன. ‘றம்ஸியா, எனக்குச் சஹர்ல சாப்பிடவே ஏலாமப் போச்சி, அவ்வளவு எரிவு. ஆருக்கும் சொல்லல்ல. நோன்புல படுற கஷ்டத்துக்கு அல்லாஹ் கூலி தருவான் எண்டு பொறுத்துக்கிட்டன். பாதி நோன்பு முடிஞ்சிதானே, மிச்சத்தையும் பொறுத்துப் பாக்கட்டா?’

றம்ஸியா அதை இரண்டு தரம் வாசித்தாள். கண் கலங்கி எழுத்து மறைந்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள்:

‘வேணாம் ராத்தா. அது நோன்பு தந்த கஷ்டம் இல்ல. நான் தந்தது. எழும்பிப் போய் இப்பவே கழுவுங்க.’